நான்காம் மாடியில் தேத்தண்ணீர்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று நான்காம் மாடி. தாதியர் நோயாளியைத் தொடுமுன்பும் தொட்டபின்பும் கை கழுவுகிறார்களா என்று ஒரு ஓரமாக நின்று பார்த்துக் குறிப்பதுதான் ஆஸ்பத்திரியில் இப்போது என் வேலை. வருடக்கணக்காக நேர்ஸாக ஓடி முழங்கால் தேய்ந்த பிறகு கிடைத்தது. மகன் மாக்கஸ் என்னைக் ‘கைப் பொலிஸ்’ என்பான். பொலிஸ்காரியை எந்த மாடியில்தான் ஆசையாக வரவேற்பார்கள்? நான் போனால் முகங்கள் நீளும்.

நான்காம் மாடி மட்டும் வேறு. அங்கே நேர்ஸ் கௌசி இருக்கிறாள். லிஃப்ட் கதவு திறந்ததும் ஓடிவந்து, “அக்காவுக்குத் தேத்தண்ணி!” என்று நடைவழி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு ஓய்வறைக்கு இழுத்துப் போய்விடுவாள். பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ, கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. பனங்கட்டி எனக்கென்றே வோபர்ன் பக்கத் தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருக்கிறாள். பிலிப்பைன்ஸ் நேர்ஸ் பிள்ளைகள்கூட இப்போது ‘தேத்தண்ணி’ என்று அழகாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லோரும் ஒழுங்காகக் கழுவுகிறார்கள். இந்த முறையும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதம். மற்ற மாடிகள் எழுபதைத் தாண்ட மூச்சு வாங்குகின்றன. கௌசியைப் பரீட்சைக்குப் படிப்பித்தது நான். வீண்போகவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

என் மனுசன் றெமி விழுந்துவிட்டார். ஸ்னோ தள்ளப் போனவர். உப்புப் போட்டபிறகு போங்கோ என்று சொன்னேன், கேட்டால் அவர் றெமிஜியஸ் இல்லையே. இடுப்பெலும்பு. நாளைக்கு ஒப்பரேஷன். மாதாவே.

பெப்ரவரி 25, செவ்வாய்

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இனி நடக்கப் பழக்க வேண்டும். மாக்கஸ் தன் வீட்டுக்குக் கிட்ட பிக்கரிங்கில் ஒரு இடத்தில் கட்டில் கிடைக்கும் என்று நின்றான். “அம்மா, எனக்கு வேலை முடிய வந்து பாக்க ஈஸி.” நான் விடவில்லை. என் ஆஸ்பத்திரி, அதுவும் நான்காம் மாடி. மூலைக்கு மூலை நானே பார்த்த இடம். எண்ணிக்கையை அவன் முன்னால் வைத்தேன். அவன் கணக்குப் படித்தவன், எண்ணைக் கண்டால் வாயை மூடிவிடுவான்.

கௌசி போனில், “அண்ணையை நான் பாப்பன். நீங்கள் நிம்மதியா இருங்கோ” என்றாள். பெற்ற பிள்ளை சொன்னதுபோல இருந்தது.

மார்ச் 4

காயம் சற்றுச் சிவந்திருக்கிறது. அன்ரிபயோட்டிக் தொடங்கியிருக்கிறார்கள். பயமில்லையாம்.

மார்ச் 8, சனி

இவருக்கு வயிற்றால் போகிறது. நேற்றிலிருந்து நிற்கவேயில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. சீ டிஃப். அன்ரிபயோட்டிக் குடித்தவரின் குடலில் குந்திக்கொள்ளும் கிருமி. கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கையோடுதான் பயணம் போகும். கையில் தடவும் ஜெல்லுக்குச் சாகாது, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் தேய்த்தால்தான் போகும். எத்தனை பேருக்கு இதை வகுப்பெடுத்திருக்கிறேன்! நான்காம் மாடியில் இவரோடு மூன்று பேருக்காம். தொண்ணூற்றாறு வீதம் கழுவுகிற இடத்தில் எப்படி?

மார்ச் 11, செவ்வாய்

தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம். கன்னம் ஒட்டிவிட்டது. எழும்பி நடக்க வேண்டியவரைப் புரட்டிப் புரட்டித் துடைக்கிறோம். தான் ஊத்தை ஆக்கிவிட்டதாக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வெளியில் வந்து அழுதேன்.

பிக்கரிங் என்ற பேச்சையே மாக்கஸ் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பரவாயில்லை.

மார்ச் 13, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டும்.

இன்று அந்த மாடியில் எனக்கு வேலை நாள். கௌசியின் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, முதலில் இவரை எட்டிப் பார்க்கப் போனேன். வயிறு கொஞ்சம் அடங்கியதால் நக்கல் திரும்பியிருந்தது.

“உமக்குத் தேத்தண்ணி ஊத்தினா இஞ்சை எல்லாருக்கும் கை ஊத்தையாப்போகுது போல.”

என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். கௌசி ‘தேத்தண்ணி’ என்று குரல் கொடுப்பாளாம். உடனே நடைவழியில் நிற்பவர்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கை கழுவும் பேசினுக்கு ஓடுவார்களாம். நான் போனதும் எல்லாம் பழையபடியாம். இந்த அறைக்கு வருமுன் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கழுவித் துடைத்த க்ளவ்ஸோடு அப்படியே திரும்பி இவருடைய தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“அது உங்கட நேர்ஸ் ஆக்களின்ர முறையாக்கும் எண்டு நினைச்சன்.”

பின்னேரங்களில் மனைவியாக வரும்போது நான் இவர் அறையை விட்டு அசைவதில்லை. என் கண்முன்னே எல்லோரும் கழுவினார்கள். அதைத்தான் நானும் கண்டேன். ஊசி போற இடம் பார்த்துக்கொண்டிருந்தேன், உலக்கை போன இடம் தெரியவில்லை.

பனங்கட்டி! எனக்கென்று வாங்கினதாம். கடித்துக் கடித்து ஆறுதலாகக் குடிக்க வேண்டும், அதுவரை நான் ஓய்வறையை விட்டு வரமாட்டேன், அதற்குத்தான். சீனி போட்டால் கெதியாக முடிந்துவிடுமே.

மார்ச் 14, வெள்ளி

இவர் ஏதும் காய்ச்சலில் உளறியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. லிஃப்டில் போகாமல் பின்படியால் ஏறினேன். முழங்கால் கத்தியது. துணிவண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

கௌசி ஒரு அறையிலிருந்து வந்தாள். க்ளவ்ஸைக் கழற்றி எறிந்தாள். பேசினைத் தாண்டி நேரே அடுத்த அறைக்குப் போய் ஒரு மனுசியின் தலையணையைச் சரிசெய்தாள். வெளியே வந்தபோதுதான் என்னைக் கண்டாள். கண்டதும் வாய் பழக்கதோஷத்தில், “அக்கா, தேத்தண்ணி” என்றது. பிறகு நின்றுவிட்டது.

ஓய்வறையில் அவள் அழவில்லை. ஆறு பேர் செய்கிற வேலையை மூன்று பேர் செய்வதாகச் சொன்னாள். எண்ணிக்கை குறைந்தால் எனக்கும்தானே பேச்சு விழும், எனக்காகவும்தான் செய்தாளாம். எனக்காக!

ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“என்ர மனுசனைத் தொடமுன்னம் நீ கை கழுவினனியோ?”

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லா நேரமும் எண்டு சொல்லேலாது அக்கா.”

என் அம்மா செத்தபோது மூன்று நாள் வீட்டில் நின்று சமைத்துப்போட்டவள். அந்தக் கையை எனக்குத் தெரியும். வேறு யாராவது செய்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். இது அப்படியில்லையே.

மார்ச் 19, புதன்

நான்காம் மாடி எண்கள் எல்லாம் பொய், தூக்கி எறியுங்கள் என்று மனேஜருக்கு எழுதினேன். எப்படிப் பொய்யானது என்றும் எழுதினேன். கௌசியின் பெயரை எழுதும்போது விரல் நின்றது. இவரைப் புரட்டியபோது முதுகெலும்பு தெரிந்ததை நினைத்துக்கொண்டு அனுப்பினேன்.

பின்னேரம் கௌசியிடமிருந்து வட்சப். “என்ர பிள்ளையளின்ர சோத்தில மண் போடாதேங்கோ அக்கா.”

மார்ச் 27, வியாழன்

மனேஜர் கூப்பிட்டார். கதிரை தந்தார், றெமி எப்படி என்று கேட்டார். அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஜூனில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். நடந்தது ‘அளவெடுத்த முறையில் ஒரு குறை’ மட்டுமாம். அளவெடுத்தவள் யார்? நான். ஆகவே அந்த வேலைக்கு வேறு ஆளாம். கணவர் சுகமில்லாத நேரத்தில் எனக்கும் பாரம் குறையுமாம். மே மாதம் முதல் பழையபடி நேர்ஸ் வேலை, நான்காம் மாடியில்.

கௌசிக்குக் கணினியில் ஒரு பாடம். கை கழுவுவது எப்படி என்று. அந்தப் பாடத்துக்குக் கேள்விகள் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

வேலைக்கு ஆட்களைக் கூட்ட யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆறு பேர் வேலை செய்கிற அந்த மூன்று பேர் இன்னும் மூன்று பேர்தான்.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஹோலிலிருந்து குசினிவரை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுத்தான் காற்சட்டையைக் கட்டவேண்டியிருக்கிறது. கௌசி பாவம் என்கிறார். நீங்கள் செத்திருந்தால் நான்தான் பாவம் என்றேன்.

மே 6, செவ்வாய்

நான்காம் மாடியில் இரண்டாவது நாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க நேரமில்லை. கௌசியோடு நோயாளிகளைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். அவளும் அப்படித்தான்.

மத்தியானம் ஒருவருக்குக் காயக்கட்டு மாற்றிவிட்டு, பேசினில் சவர்க்காரம் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றேன். கௌசி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். முகத்தைப் பார்க்காமல், மெல்லமாக,

“அக்கா, ஆள் வருது” என்றாள்.

என் பழைய வேலைக்குப் புதிதாகப் போட்ட பிள்ளை லிஃப்டிலிருந்து இறங்கினாள். எல்லோரும் பேசின் பக்கம் திரும்பினார்கள். நான் பேசினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.

குழாயைத் திறந்து, கழுவிய கையை இன்னொருமுறை கழுவினேன். அவள் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.