பிரிட்டா நீதிபதியிடம் சொன்னது

பிரிட்டா,

ஃப்ரிட்ஜில் டியூனா மீன் நூடுல்ஸ் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு.

நேற்று கோர்ட்டிலிருந்து வரும்போது காரில் கத்தித் தீர்த்துவிட்டேன். பள்ளிக்கு மட்டம் போட்டு ஆற்றங்கரையில் பிடிபட்டதற்குத் திட்டியது திட்டியதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சிகரெட் பாக்கெட் உன்னோடு பிடிபட்ட மார்னியின் பையில் இருந்ததால் போலீஸ் அவள்மேல்தான் கேஸ் எழுதியிருந்தார்கள். நீ பேசாமல் இருந்திருந்தால் மட்டம் போட்ட குற்றத்தோடு தப்பித்திருப்பாய். நீயோ நீதிபதி முன் எழுந்து நின்று, "அது என்னோடதுங்கய்யா, நான்தான் அவ பையில வெச்சேன்" என்றாய். பதினாறு வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

நாலு மணிக்கு மார்னியின் அம்மா உன்னைப் பார்க்க வருகிறாள். மாடியில் ஒளிந்துகொள்ளாதே, கதவைத் திற.

அம்மா

பி.கு.: தண்டனைப்படி சனிக்கிழமை நீ பூங்காவில் குப்பை பொறுக்கும்போது நானும் வருகிறேன். கேட்டுவிட்டேன், தடையில்லையாம்.