அட்டையில் நிற்கும் ஆள்

12.8.1974, திங்கள். மெரிலேண்ட்ஸ்.

ஆட்டக்காரன் கொலின்ஸின் படம் போட்ட பேஸ்போல் அட்டை மேசையில் கிடக்கிறது. நான் தட்டெழுத்து வேலை செய்யும் பேஸ்போல் கழகம் மலர் வெளியிடுகிறது. அந்த அட்டைப் படத்தின் கதையை எழுதும்படி என்னிடம் கொடுத்தார்கள். படம் எடுத்தவர் என் கணவர்தான், சுலபமான வேலை என்று நினைத்தேன்.

இன்று செயலாளர் அட்டையை உற்றுப் பார்த்தார். கொலின்ஸ் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் பிடிப்பான் என்றார். படத்தில் மட்டையின் நுனி நிலத்தைத் தொடுகிறது. கிரிக்கெட் ஆடுகிறவன் அப்படித்தான் நிற்பான். தொப்பியின் நிழலில் கண்கள் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் காப்பு நூல். நல்லூரிலிருந்து மாமி அனுப்பியது, நான் என் கணவருக்குக் கட்டிவிட்டது.

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்.

"ஓம், அது நான்தான். கொலின்ஸ் அண்டைக்கு வரேல்லை. அட்டை அடிக்கிறவை அடுத்த நாளே படம் கேட்டவை. அவன்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு நிண்டனான். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

கோப்பை கழுவும்போதுதான் நினைவு வந்தது. அவர் படம் எடுக்கப் போன அந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். தனியாகப் போனால்தான் வேலை நடக்கும் என்றார். மைதானத்தில் வேறு ஒரு ஆள்கூட இல்லை என்று வந்து சொன்னார்.

மறுபடி அட்டையைப் பார்க்கிறேன். கண்கள் தெரியாவிட்டாலும் வாய் தெரிகிறது. கமராவைப் பிடித்திருந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் எடுத்த படம் ஒன்றிலும் அவர் இப்படிச் சிரித்ததில்லை.