தரையோடு வெட்டிய வரிசை

என்னங்க,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கமாட்டேன். உங்கள் அக்கா வீட்டில் கவனிப்புக்கா குறை?

நீங்கள் கிளம்பிய வாரம் நம் தோப்பில் நான் வெட்டிய மரங்கள் ஆலை பாய்லருக்கு விறகாகப் போய்விட்டன. சாண் உயரம் விட்டு வெட்டியதால் அடிக்கட்டைகள் எல்லாம் துளிர்த்து இடுப்பளவு நிற்கின்றன. உழவும் வேண்டாம், நடவும் வேண்டாம்.

ஓடைக்கரையில் உங்களை மரம் நடவிடாமல் நான் தடுத்த பத்தடி, புல்லும் புதருமாகக் கிடக்கிறது. போன வாரம் கொட்டிய மழையில் அந்தப் புல் மண்ணைப் பிடித்துக்கொண்டது, ஓடை கலங்கவே இல்லை. ஆலை மேலாளர் பார்த்துவிட்டு, "இடத்த வீணாக்கிட்டீங்களேம்மா" என்றார். "வீணில்லைங்க, ஓடைக்கு விட்ட பங்கு" என்றேன். சரிதான் என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு உங்களிடமும் இப்படிச் சொல்லியிருக்கலாம். கத்திவிட்டேன்.

கோபத்தில் நீங்கள் தரையோடு அறுத்துப்போட்டுப் போன வரிசை மட்டும் துளிர்க்கவில்லை. "பட்டுப்போச்சு, தோண்டி எடுத்துரலாம்" என்றார் விறகு ஏற்றிப்போகும் லாரிக்காரர். "கெடக்கட்டும் விடுங்க" என்றேன்.

இன்று காலை பார்க்கிறேன், நாலாவது கட்டையில் மண்ணை முட்டிக்கொண்டு ஏழு துளிர்!

முழங்கால் உயரம் வந்ததும் இரண்டை விட்டு மீதியைக் கிள்ள வேண்டும். மற்றக் கட்டைகளில் நானே கிள்ளினேன். இதில் கை வைக்கமாட்டேன். வெட்டியவர்தான் வந்து கிள்ள வேண்டும்.

ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இனிமேல் சாண் உயரம், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் பிடிவாதக்காரி