குளோஸ் என்றால் எது

செப்டம்பர் 14

கிளைடு ஆற்றின் மேல், கிளாஸ்கோவில் எங்கள் கோவன் பகுதியில், புதுப் பாலம் திறந்து ஒரு வாரம். கப்பல் பட்டறையில் என்னோடு வெல்டிங் செய்த ஜோ கொய்லைப் புதைத்ததும் இதே வருடம்தான். எனக்கு எழுத்து தெரியாது. சொல்வதை இந்தப் போன் எழுதிக்கொள்கிறது.

எடின்பரோவிலிருந்து லாக்லன் கூப்பிட்டான். அவனும் பட்டறைக்காரன்தான். "உசுரோட இருக்கும்போதே ஒரு நாள் வாடா, ஊர் சுத்தலாம். பெரிய சர்ச்சுக்கு எதிர்ல அட்வகேட்ஸ் குளோஸ். பேரு போட்டிருக்கும், அங்க நில்லு."

சரி என்றேன். என் விஷயம் அவனுக்குத் தெரியாது.

செப்டம்பர் 18

வெட்கம். வேறென்ன சொல்ல.

எங்கள் கிளாஸ்கோவில் குளோஸ் என்றால் அடுக்கு வீட்டின் வாசல்நடை, படிக்கட்டு. எடின்பரோவில் இறங்கி, சர்ச்சுக்கு எதிரே திறந்திருந்த ஒரு கதவுக்குள் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே நல்ல மழை. குப்பையோடு இறங்கிவந்த பெண் கேட்டாள்: "யாரு வேணும் தாத்தா?"

"குளோஸ்ல நிக்கச் சொன்னான் கூட்டாளி."

"கிளாஸ்கோவா நீங்க?" சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல குளோஸ்னா சந்து. வெளிய போய்ப் பேரைப் பாருங்க."

பார்த்தேன். சந்துக்குச் சந்து எழுத்து. யாரிடமாவது கேட்டிருக்கலாம். வேடிக்கை பார்ப்பவன்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன். ஒரு சந்து வாயில், தொப்பியில் தண்ணீர் சொட்ட, லாக்லன்.

"எங்கடா தொலைஞ்ச? தலைக்கு மேலயே பேரு இருக்கு!"

"கண்ணாடிய மறந்துட்டேன்."

தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினான். கோட்டை வரை நடந்துவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்தோம். மெனு அட்டையை என் பக்கம் தள்ளினான். "நீதான் படிக்கணும். எனக்கு இப்ப எல்லாம் மங்கல்."

விரலை ஓட்டி, "மீன்... சிப்ஸ்... ஆட்டுக்கறி ரோஸ்ட்" என்றேன்.

"தாத்தா, அது கேக் அட்டை" என்றாள் பரிமாறும் பெண். பக்கத்து மேசை சிரித்தது. லாக்லன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். பிறகு, "பருப்பு சூப் ரெண்டு குடும்மா."

பஸ் நிறுத்தத்தில் தன் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

செப்டம்பர் 19

போன் பண்ணவில்லை. எந்த முகத்தோடு பண்ணுவது?

செப்டம்பர் 25

அவன் மகள் மோர்வன் கூப்பிட்டாள். "நனைஞ்சதுல அப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு மாமா. ஆஸ்பத்திரில இருக்காரு. 'என்கிட்டயே மறைச்சுட்டானே'ன்னு ஒரே புலம்பல்."

புரிந்துகொண்டுவிட்டான். என் மானம் போகக் கூடாதென்று எண்பது வயதுக்காரனை மழையில் நிற்கவைத்தேனே — மனுசனா நான்?

அக்டோபர் 2

ஆஸ்பத்திரியில் எங்கு பார்த்தாலும் அம்புக்குறி, எழுத்து. கட்டில் தள்ளிக்கொண்டு போனவரை நிறுத்தினேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. லாக்லன் பர்டி எந்தப் பக்கம்?" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது.

லாக்லனுக்கு மூச்சு வாங்கியது. "எப்படிடா கண்டுபிடிச்ச?"

"கேட்டேன்."

"என்னன்னு?"

சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "சத்தமாவா கேட்ட?"

"சத்தமாத்தான்."

"கழுதை. நாற்காலிய இழுத்துப் போடு."

அக்டோபர் 9

லாக்லனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். வெல்டிங்கில் நாங்கள் ஆறு பேர். டாம் போனான். வுல்லி போனான். கொய்ல் அண்ணன் தம்பி இருவரும் போனார்கள். என்னை விட்டால் உயிரோடு இருப்பவன் லாக்லன் பர்டி மட்டும்தான்.