சுடலைமணி கடை நல்லெண்ணெய்

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா சண்முகையா எழுதுவது. சங்கரன்கோவிலில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்க கோமதியம்மன் துணை. மனசுதான் இங்கே சரியில்லை. முதல் காரியமாக, சித்திரையில் கொடுத்துவிட்ட நல்லெண்ணெய் மிச்சமிருந்தால் கொட்டிவிடு, பிள்ளைக்குத் தேய்க்காதே.

சுடலைமணி மாமா கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். யாரோ வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பியிருக்கிறார்கள். எண்ணெயை நான்கு பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, சாட்சிக் கையெழுத்து கேட்டார். மாமாவே, "போடுங்க மச்சான், நம்ம எண்ணெயில என்ன பயம்?" என்றார். போட்டேன். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு இதுதான், வெளிநாட்டுப் பேரனுக்கும் இதுதான் என்று பெருமையாக வேறு சொன்னேன். ஆய்வக முடிவு வந்தது. பாதிக்கு மேல் பாமாயில்.

மறுநாளே மாமா வந்து, "உங்க முன்னால எடுக்கல, வெறுந்தாள்ல கையெழுத்து வாங்கிட்டாவன்னு சொல்லிருங்க மச்சான்" என்றார். மனசு கேட்காமல் அம்மாவோடு மாமா வீட்டுக்கே மாரிசெல்வி அத்தையைப் பார்க்கப் போனேன். மொத்தமாக அனுப்பும் வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று அழுதாள். அம்மா பதறிப்போய், உன் பிள்ளைகளும் இதைத்தானே சாப்பிட்டது என்று கேட்க, அவள் யோசிக்காமல், "இல்ல மயினி, எங்களுக்கு சிவகிரி செக்குல ஆட்டித்தான் கொண்டு வாராவ" என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அப்போதே எழுந்துவிட்டாள். நானும் பின்னாலேயே வந்துவிட்டேன் தாயி. ஊரை ஏமாற்றியவன் நம்மையும் ஊரோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறான், என் கூடப்பிறந்தவளும் அதைத் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

போன செவ்வாய் விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அபராதம் போட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் மாமா எல்லார் முன்னாலும், "தங்கச்சி குடும்பத்தைக் கெடுத்துட்டீரே வே!" என்றார். மச்சான் என்ற வாய், யாரோ வழிப்போக்கனைக் கூப்பிடுவது போல வே என்றது. அத்தை என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

அங்கே எதை வாங்கினாலும் தேதியைப் பார்த்து வாங்கு, தெரிந்த கடை என்று விட்டுவிடாதே. பேரனுக்கு முத்தம், மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அத்தை உனக்குப் போன் போட்டால் எடுத்துப் பேசு, எண்ணெய் விஷயம் எதையும் கேட்காதே. முடிந்தால், சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்.

இப்படிக்கு,
அப்பா