பெயர் சூட்ட இன்னும் அவகாசம் உள்ளது

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடி ஒரு வெளிநாட்டுக் குழு. வாரம் ஒன்றாவது வந்துவிடுகிறது. குழந்தை பிறந்ததும் உதவித்தொகையும் வாழ்த்துக் கடிதமும் எப்படித் தானாகவே கிளம்புகின்றன என்று திரையில் காட்டுவது என் வேலை. பேசுவது இந்த்ரெக், என் மேலதிகாரி. "எஸ்டோனியாவுல அம்மாவுக்கு ஒரே வேலைதான், பிள்ளைக்குப் பேர் வைக்கிறது. மத்ததை அரசாங்கம் பாத்துக்கும்." சிரித்தார்கள். இந்த இடத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் சிரிக்கிறார்கள்.

அக்கா மாரெட்டுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. அவள் ஊரான வோருவில் பனி கொட்டுகிறதாம்.

பிப்ரவரி 12

மதியம் பிறந்தாள். இருட்டுவதற்குள் போய்விட்டாள்.

பிப்ரவரி 13

வோரு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

காலையில் மாரெட்டின் ஃபோனுக்கு வாழ்த்து வந்திருக்கிறது. எங்கள் வாழ்த்து. பலூன் படத்தோடு. "நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நாங்கள் ஏற்பாடு செய்துவிட்டோம்." அவள் கணவன் அஹ்தி ஃபோனைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். அவள் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

"இது உங்க ஆபீஸ்தானே?" அவ்வளவுதான் கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 16

இந்த்ரெக் பொறுமையாக விளக்கினான். அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை. பிறப்புத் தகவல் உடனே எங்களுக்கு வந்துவிடும். இறப்புத் தகவல் இன்னொரு துறைக்குப் போகும். அதை நாங்கள் கேட்க வேண்டுமென்றால் விதியைத் திருத்த வேண்டும்.

"ரீன், வாழ்த்துறதுக்கு எதுக்குச் சாவுத் தகவல்? யாருக்கும் தோணல. ரொம்ப அபூர்வமான கேஸ்."

கேஸ்.

குடிமக்களிடம் எதையும் இரண்டாம் முறை கேட்காத அரசு என்று பீற்றிக்கொள்கிறோம். முதல் முறையாவது கேட்டோமா?

பிப்ரவரி 17

கிரீம் பன் செவ்வாய், தவக்காலத்துக்கு முன்னால் ஊரே கிரீம் பன் தின்னும் நாள். அலுவலகத்தில் எல்லார் மூக்கிலும் கிரீம். யாரோ என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் மாரெட் இதை எனக்கு அனுப்பினாள்: "உங்கள் குழந்தைக்கு நீங்கள் இன்னும் பெயர் சூட்டவில்லை. பெயர் சூட்ட இன்னும் அவகாசம் உள்ளது."

பன்னைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கலாம். எங்கள் ஆட்கள் எதையும் எறிய மாட்டார்கள். கோபம் வந்தால் கதவை மெதுவாகச் சாத்துவார்கள். மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். சே.

பிப்ரவரி 18

இன்னொரு குழு. மாதிரிக் கடிதத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் அக்காவுக்கு வந்ததைப் போட்டேன். "இந்தக் குழந்தை இப்ப உயிரோட இல்ல" என்றேன். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

நடையில் இந்த்ரெக் பிடித்துக்கொண்டான். "வீட்டு விஷயத்தைக் கொண்டுவந்து சபையில வெப்பியா?"

"வீட்டுக்குள்ள வந்தது யாரு? நானா, நீயா?"

பிப்ரவரி 20

நிரல் எழுதும் சீம் வந்து சொன்னான்: "அந்தப் பதிவை மூடிட்டேன். இனிமே உங்க அக்காவுக்கு எதுவும் போகாது." நல்ல பையன். நன்றி சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 21

மாரெட் ஃபோனில் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை.

"யாரு உன்னை அழிக்கச் சொன்னா? அரசாங்கத் தளத்துல அவ பக்கத்தையே காணோம். பேர் எழுதற கட்டமும் போச்சு."

இறந்தாலும் பெயர் சூட்டலாம். விதி இருக்கிறது. தினமும் அந்தக் கட்டத்தைத் திறப்பாளாம், எழுத முடியாமல் மூடுவாளாம். நாளைக்கு எழுதலாம் என்று இருந்திருக்கிறாள்.

"அந்த மெசேஜ் வந்தப்ப வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனா அவ பேரைக் கேட்டது அது ஒண்ணுதான். அம்மா கேக்கல. அஹ்தி கேக்கல. நீ கேட்டியா?"

கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். துக்க வீட்டில் நாங்கள் எதையும் கேட்பதில்லை, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். அதே மரியாதையைத்தான் கணினிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பிப்ரவரி 22

கேட்டேன். லோரே.

பிப்ரவரி 24

சுதந்திர நாள். தெருவெல்லாம் கொடி. வானொலியில் யாரோ நம் அரசின் வேகத்தைப் புகழ்ந்தார்கள். அணைத்தேன்.

இந்த்ரெக்குக்கு எழுதி அனுப்பினேன்: சீம் மூடியதைத் திறக்க வேண்டும். இப்படி ஒரு குழந்தை போனால் மருத்துவமனை எங்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். அதுவரை வாழ்த்து காத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் கடிதம் கிடையாது, ஓர் ஆள் ஃபோன் செய்ய வேண்டும். முடியாதென்றால் பத்திரிகைக்குப் போவேன்.

பிப்ரவரி 26

கூட்டம். இந்த்ரெக் முகம் சிவந்திருந்தது. "மனுஷன் ஃபோன் பண்றதா? இதுக்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ஆமா."

"சரி, யாரு பண்றது?"

எல்லாரும் மடிக்கணினிக்குள் குனிந்துகொண்டார்கள். பூதம் மாதிரி இவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கட்டி எழுப்பத் தெரிகிறது. ஒரு ஃபோன் எடுக்க ஆளில்லை.

"நான்."

"பண்ணு. விருந்தாளிங்ககிட்ட மட்டும் இதைக் காட்டாதே, கற்காலம்னு நெனச்சுக்குவாங்க."

மார்ச் 5

கட்டம் மறுபடி திறந்தது. மாரெட் திரையைப் படமெடுத்து அனுப்பினாள். லோரே. பக்கத்தில் இரண்டு தேதிகள், இரண்டும் ஒன்றே.

கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டுமா என்ன?

மார்ச் 19

இன்று மருத்துவமனையிலிருந்து முதல் தகவல் வந்தது. பைடே ஊர்ப் பெண். ஃபோனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன். மாரெட் முன்பே சொல்லியிருந்தாள்: "ஆறுதல்னு ஏதாவது சொல்லித் தொலைக்காதே. கேளு."

அலுவலகத்தின் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், "உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? பேர் வெச்சிருக்கீங்களா?"

மறுமுனையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தாள்.

குழு வந்துவிட்டதென்று இந்த்ரெக் கண்ணாடியைத் தட்டினான். போகச் சொல்லிக் கைகாட்டினேன்.