சின்ன அறையின் வாடகை

மார்ச் 4

நான்காம் மாடி, கடைசி வீட்டு வாடகைதாரருக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

வரும் மாதத்திலிருந்து வீட்டு வாடகையை இப்போது இருப்பதற்கு மேல் கால் பங்கு கூட்டியிருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரே வாடகை. வெளியே எல்லாம் ஏறிவிட்டது. கீழே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அறைச் சொந்தக்காரர், நான் குடியிருக்கும் மாடி அறைக்கும் வாடகையை ஏற்றிவிட்டார். பென்ஷனை எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் போதவில்லை.

இது நியாயமில்லை என்று உனக்குப் பட்டால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். போனில் வேண்டாம். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

மழை பெய்தால் பால்கனிக் கதவு உப்பிக்கொள்ளும். பிடித்து இழுக்காதே. அடியில் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திற.

இப்படிக்கு,
வீட்டுக்காரர்


மார்ச் 9

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

எந்த வீட்டுக்காரர் என்று எழுதவில்லையே? வாடகை வாங்குகிறவரா, என்னைக் கல்யாணம் செய்துகொண்டவரா? போகட்டும், இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். தபால் செலவாவது மிச்சமாகட்டும்.

கால் பங்கா! கேட்கவே நன்றாயிருக்கிறது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிப்போய் வீடு வீடாக விசாரித்தேன். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் நாம் கொடுப்பதைவிட, மன்னிக்கவும், நான் கொடுப்பதைவிட நிறையக் கொடுக்கிறார். இரண்டாம் மாடித் தையல்காரம்மா குறைவாகத்தான் கொடுக்கிறார், ஆனால் அவர் வீட்டுக்கு வெயிலும் வராது, காற்றும் வராது. ஆகமொத்தம், நீங்கள் கேட்பது அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் எனக்கு விட்டிருப்பது எந்த வீடு? மூன்று அறை என்று பேர். சின்ன அறையில் உங்கள் கருவிப் பெட்டி, கம்பிச் சுருள், செத்துப்போன மோட்டார்கள், ஸ்பிரிங் வெளியே வந்த சோபா. துடைப்பம் நுழைய இடமில்லை. மூன்று அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு இரண்டு அறையில் இருக்கிறேன். இந்தக் கணக்கைப் பார்த்தால் நீங்களல்லவா எனக்கு மாதாமாதம் தர வேண்டும்? அப்புறம் லிஃப்ட். போன மாதத்திலிருந்து ஓடவில்லை. ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைத்த மெக்கானிக்கின் பெண்டாட்டி, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

வாடகை என்ற பேச்சே எப்படி வந்தது, நினைவிருக்கிறதா? மகள் கல்யாண விஷயத்தில் நான் அவள் பக்கம் பேசினேன் என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் எனக்குப் பழக்கம்தான். அந்த முறை மாதக்கணக்கில் போயிற்று. கேட்டதற்கெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “இப்படியே பேசாமதான் இருக்கப் போறீங்கன்னா, அதை வேற எங்கயாவது போய் இருங்க!” என்று கத்தினேன். பெண்டாட்டி சொன்னதை எந்தப் புருஷன் கேட்டிருக்கிறான்? நீங்கள் அன்றைக்குப் பார்த்துக் கேட்டீர்கள்! மறுநாள் காலையில் பெட்டியோடு நிற்கிறீர்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. “உங்க வீட்டுல ஓசியில இருக்க மாட்டேன், வாடகை தரேன்” என்றேன். ‘பைத்தியமா உனக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தால், தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். லிஃப்ட் இருந்தும் படியில் போனீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடையோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை முடிகிறது. ஊசி பிடித்துப் பிடித்து விரலும் மரத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு கால் பங்கு கூட்டிக் கொடுக்க என்னால் ஆகாது. “எங்கிட்ட வந்துடும்மா” என்று மகள் கூப்பிடுகிறாள். நல்ல பெண்தான், ஆனால் அவள் வீட்டில் நான் விருந்தாளி. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஒவ்வொரு ஆணியும் நாம் அடித்தது. என்னைக் கிளப்பத்தான் இந்த வாடகையா? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் அறை வாடகை எவ்வளவு ஏறியது என்பதையும் எழுதுங்கள்.

கதவைக் காலால் தட்டினேன். திறந்துகொண்டது.

ஆறாத கோபத்துடன்,
வாடகைதாரர்


மார்ச் 15

வக்கீலம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முழுக்கச் சண்டைதான். ஆனால் உன் சண்டையைக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

முதலில் லிஃப்ட். தரைத்தளத்துக் கதவு சரியாக மூடியிருக்காது. அது மூடாவிட்டால் பெட்டி நகராது. என்னோடு வேலை பார்த்தவரை அனுப்புகிறேன். அவருக்குக் காசு கொடுக்காதே, வாங்க மாட்டார். தேநீர் கொடு.

அந்த லிஃப்ட்டை மாட்டியது நான்தான். நீ மறந்திருக்கலாம். சுவரில் பூச்சு காயாமல் கட்டடம் நின்ற சமயம். பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் மணல் மூட்டை வந்து சேரவில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நீ மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாய். “மூட்டைக்குப் பதிலா நான் ஏறிக்கறேன். நான் என்ன எடை கம்மியா?” என்றாய். அது மட்டுமா, பூச்சு வேலை செய்துகொண்டிருந்த பெண்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டு உள்ளே ஏற்றிக்கொண்டாய். போகும்போது எல்லாரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது. நாலாம் மாடியில் கதவு திறந்தால் எதிரே இந்த வீடு. ஜன்னலுக்குக் கண்ணாடிகூட இல்லை. நீ நேரே உள்ளே நடந்துபோய்க் கூடத்தின் நடுவில் சாப்பாட்டுத் தூக்கை வைத்தாய். “இங்கயே உக்காந்து சாப்பிடலாம், காத்து நல்லா வருது” என்றாய்.

அன்றைக்கு முடிவு செய்தேன், எத்தனை வருடம் தவணை கட்ட வேண்டியிருந்தாலும் இந்த வீடுதான் என்று. காரணத்தை உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

சின்ன அறைச் சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடு. கருவிப் பெட்டியை மட்டும் வைத்திரு. உன்னைக் கிளப்புவதற்காக வாடகையை ஏற்றவில்லை, இது சத்தியம். கால் பங்கு நியாயமா இல்லையா என்று நீயே தீர்ப்புச் சொல். நீ சொல்வதுதான் முடிவு.

இப்படிக்கு, நீ வைத்த பெயரில்,
உம்மணாமூஞ்சி


மார்ச் 24

உம்மணாமூஞ்சியாருக்கு,

லிஃப்ட் ஓடுகிறது. உங்கள் நண்பர் இரண்டு தேநீர் குடித்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் அவரும் உங்களைப் போலத்தான். நல்ல ஜோடி.

மணல் மூட்டைக் கதையைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடி இல்லாத ஜன்னல் எனக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத்தான் நீங்கள் இந்த வீட்டை வாங்கினீர்கள் என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது! கட்டடக் கம்பெனி விலையில் சலுகை கொடுத்தது, அதனால் வாங்கினீர்கள் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷா, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஆனால் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உங்கள் அறை வாடகை எவ்வளவு ஏறியது? உங்களை எனக்குத் தெரியாதா? வாய் தவறி ஒரு பொய் சொன்னாலும் இரண்டாம் முறை அதைச் சொல்ல மாட்டீர்கள். எனக்குப் பொறி தட்டியது. தீர்ப்புச் சொல்லச் சொன்னவர் விசாரணைக்கும் உட்பட வேண்டுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தேன். நீங்கள் எங்கோ வெளியே போயிருந்தீர்கள்.

முடிதிருத்தும் கடைக்காரர், யாரோ ஒருவர் முகத்துக்குச் சோப்பு போட்டபடியே சாட்சி சொன்னார். “ஏத்தினேனா? நானா? அவர் வந்த அன்னிக்கு என்ன வாங்கினேனோ அதேதாம்மா இன்னிக்கும். என் கடை ஷட்டர் மாட்டிக்கிட்டா ஓடி வந்து சரி பண்றாரு, அவருக்குப் போய் ஏத்துவேனா?” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தங்கமான மனுஷன். பேச்சுதான் கிடையாது. மாசம் பொறந்தா தபால்காரர் வர்ற நேரத்துக்குக் கீழ வந்து நிப்பாரு. இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்ல. ஆனாலும் வந்து நின்னு பாத்துட்டுப் போவாரு” என்றார்.

அங்கேயே, முடி வெட்டிக்கொள்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன வேண்டும் என்று அவருடைய உதவியாளர் சீப்போடு வந்துவிட்டார், போங்கள்.

முன்பெல்லாம் வாடகைக் காசோலையோடு ஒரு துண்டுத்தாள் வைத்து அனுப்புவேன். ‘குழாய் ஒழுகுகிறது.’ ‘மகளுக்குப் பெண் குழந்தை.’ ‘இங்கே நல்ல மழை.’ இப்போது பணம் பேங்கிலிருந்து தானாகவே போகும்படி மகள் செய்துவிட்டாள். ஒரு வேலை குறைந்தது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தத் துண்டுத்தாளுக்காக நீங்கள் தெருவில் வந்து நிற்பீர்கள் என்று யார் கண்டது? அதற்காகவா வாடகையை ஏற்றினீர்கள், நான் சண்டை போட்டாவது எழுதுவேன் என்று? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். ‘ஒரு வரி எழுது’ என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லையே!

தீர்ப்பு இதுதான். ஊர் நிலவரத்துக்கு நீங்கள் கேட்ட வாடகை நியாயம். ஆனால் சொன்ன காரணம் பொய், அதனால் செல்லாது. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் இரண்டு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறது. சின்ன அறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். அதை உங்களுக்கு வாடகைக்கு விட எனக்குச் சம்மதம். நீங்கள் எனக்குத் தர வேண்டியதும் நான் உங்களுக்குத் தர வேண்டியதும் நேராகிவிடும். வேலை முடிந்த பிறகும் நான் இங்கேயே இருக்கலாம்.

என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
வக்கீல்


மார்ச் 29

என் வக்கீலம்மாவுக்கு,

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். பழைய வாடகையே இருக்கட்டும். அதுவும் உன்னால் முடியாத மாதம் தர வேண்டாம். நீ அந்த வீட்டை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. அந்தப் பேச்சு முடிந்தது.

நான் வருவதைப் பற்றி எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எனக்குப் பயமாயிருக்கிறது. நீ எதிரே வந்து உட்கார்ந்தால் என் வாய் பூட்டிக்கொள்கிறது. கோபம் என்று நீ நினைத்தாய். பாதி நாள் கோபமே இல்லை. சொல்ல வேண்டியதை நான் மனசுக்குள் கோத்து எடுப்பதற்குள் நீ அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாய். அப்புறம் அதைச் சொல்ல வெட்கமாகிவிடும். தாளில் என்றால் நீ காத்திருக்கிறாய். இந்த ஒரு மாதத்தில் உன்னோடு பேசியதுபோல் அந்த வீட்டில் நான் பேசியதே இல்லை.

வந்தால் இதுவும் போய்விடும். பழையபடி நீ கத்துவாய், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ இன்னொரு தடவை என்னைப் போகச் சொன்னால் என்னால் தாங்க முடியாது. இருக்கிற இடத்திலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேனே. மாதம் ஒன்று போதாது என்றால் வாரம் ஒன்று எழுதுகிறேன்.

உன்
உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 2

என்னங்க,

போகச் சொல்ல மாட்டேன். பேசவும் சொல்ல மாட்டேன். சின்ன அறையில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டாகிவிட்டது. தோன்றும்போது எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுங்கள். தபால் தலை வேண்டாம். நான் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

ஊரில் பேசாத புருஷன் யார்? எல்லாரும்தான் பேசுகிறார்கள். அதில் கேட்கிற மாதிரி பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பல் டாக்டரின் மனைவியைக் கேட்டால் தெரியும். எனக்கு எழுதுகிற புருஷன் போதும்.

புறப்பட்டு வாருங்கள். பேனாவை மறக்காதீர்கள்.

நான்


ஏப்ரல் 20
சின்ன அறையிலிருந்து கூடத்துக்கு

உனக்கு,

நேற்றுச் சாப்பிடும்போது நீ கேட்டதற்கெல்லாம் நான் தலையை ஆட்டினேன். பதில்களை இப்போது எழுதுகிறேன்.

உப்பு சரியாகவே இருந்தது. தலையணை கொஞ்சம் உயரம், பழகிவிடும். மகளிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன். நீ பக்கத்தில் இரு.

கடைசியாக, ‘அங்க தனியா இருந்தப்ப என்னை நெனச்சீங்களா?’ என்று கேட்டாய். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

கடைக்காரர் கதவை இறக்கிவிட்டுப் போன பிறகு, அந்த அறையில் நான் உன்னோடு பேசிப் பார்ப்பேன். வாய்விட்டுத்தான். அங்கே எனக்கு நன்றாகவே பேச வந்தது. “இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு?” என்று கேட்பேன். “கை வலிக்குதா?” என்று கேட்பேன். பதில் வராது. எத்தனை கேட்டாலும் வராது. பதில் வராத வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நீ அதில் எத்தனை வருடம் இருந்திருக்கிறாய்!

உன்


அதே தாளின் பின்பக்கம்

படித்தேன். நன்றாக அழுதுவிட்டேன்.

கதவைத் திறந்து வெளியே வாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா வந்து பக்கத்துல உக்காருங்க.